ஏழாவது சாக்கு

அந்த ஞாயிற்றுக்கிழமை ஞானேஸ்வரன் கடைசியாகச் செய்த வேலை ஒரு சாக்கின் வாயைக் கட்டியதுதான். அதற்குப் பிறகு அவர் குளித்தார், சாப்பிட்டார், பேப்பர் பார்த்தார், படுத்தார். அவற்றையெல்லாம் நகுலேஸ்வரி வேலைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

2004 நவம்பர் நடுப்பகுதி. லண்டன் நோர்பரியில் அவர்கள் வாங்கிய வீட்டின் பின்வளவில் ஒரு பெரிய மரம் நின்றது. ஊருக்கெல்லாம் அது ஹோர்ஸ் செஸ்ற்நட். அவர்களுக்கு மட்டும் கஸ்தானியன், ஜேர்மனியில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவர்கள் என்பதால். வீடு வாங்கிய முதல் வருடம் அதன் கொட்டைகளைப் பொறுக்கி, பலாக்கொட்டை மாதிரி இருக்கும் என்று சொல்லி, தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைத்தவர் ஞானேஸ்வரன். ஒரு வாய் வைத்ததும் வீடே தண்ணீர்க் குழாயடிக்கு ஓடியது. மனிதர் தின்பது வேறு மரத்துக் கொட்டை என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அப்படிப்பட்ட மரத்தை மற்றவர்கள் என்றால் தறித்திருப்பார்கள். அவரோ அன்றிலிருந்து அதை வீட்டில் ஓர் ஆள் மாதிரி நடத்தத் தொடங்கினார்.

அன்று காலை அவர் பின்வளவு முழுவதையும் இலைவாரியால் வாரி, இருபது கிலோ அரிசிச் சாக்கொன்றுக்குள் இலைகளை மிதித்து மிதித்து அடைத்துக்கொண்டிருந்தார். அதற்கு முன் நிறைத்த ஆறு சாக்குகள் சனிக்கிழமையே கவுன்சில் குப்பைக் கிடங்குக்குப் போய்விட்டன. இது ஏழாவது.

நகுலேஸ்வரி சமையலறை யன்னலைத் திறந்தாள்.

"இஞ்சருங்கோ, புட்டு ஆறுது. உந்த இலையை ஆர் களவெடுக்கப் போயினம்?"

"இந்தச் சாக்கோட முடிஞ்சுது. ஒரு இலை விடேலாது."

"ஒரு இலை கிடந்தால் கவுன்சில் வந்து பிடிச்சுக்கொண்டு போகுமோ?"

"கவுன்சில் வராது. வேற ஆக்கள் வருவினம்."

யார் என்று அவர் சொல்லவில்லை. புட்டு ஆறிக்கொண்டிருந்ததால் அவளும் கேட்கவில்லை.

அவர் சாக்கின் வாயைச் சுருக்கி நீல நைலோன் கயிற்றால் கட்டினார். ஸ்ருட்காட்டில் பார்சல் கிடங்கொன்றில் வேலை செய்த காலத்தில் கூட வேலை செய்த துருக்கிக்காரர் பழக்கிவிட்ட முடிச்சு அது. எந்தப் பக்கம் இழுத்தாலும் இறுகும். ஒரேயொரு நுனியை மட்டும் ஒரு மாதிரிச் சரித்து இழுத்தால் முழுவதும் ஒரேயடியாகக் கழன்று விழும். வீட்டில் அவர் கட்டிய பெட்டி எதையும் வேறு எவராலும் அவிழ்க்க முடிந்ததில்லை. பிறகு அவர் இலைவாரியை வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுப் பத்ரிநாராயணனிடம் இரவல் கொடுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து புட்டுக்கு இருந்தார்.

திங்கட்கிழமை காலை ஷிப்டுக்குப் போக நோர்பரி ஸ்ரேசனில் ரயிலுக்காக வாங்குப் பலகையில் காத்திருந்தவர் எழும்பவில்லை. அவருடைய ரயில் வந்து போனது. அடுத்ததும் வந்து போனது. மூன்றாவது ரயிலுக்கு வந்த ஒரு பெண்தான் அவருடைய தோளைத் தட்டிப் பார்த்தாள்.

*

முப்பத்தோராம் நாள் காரியமும் முடிந்து சனம் கலைந்த பிறகும் அந்தச் சாக்கு பின்கதவுக்குப் பக்கத்தில் கூரைத் தாழ்வாரத்தின் கீழ் இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் அதைச் சுற்றி நடந்தார்கள். அதன் மேல் உறைபனி படிந்தது, உருகியது, திரும்பப் படிந்தது. நகுலேஸ்வரி ஒவ்வொரு நாளும் தேநீர்க் கோப்பையுடன் வெளியே வந்து முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். அவர் பலம் கொடுத்து இழுத்த இழுவை அப்படியே அதற்குள் இருந்தது. உடுப்புகளில் அது இல்லை. அவற்றை அவள்தான் தோய்த்து மடித்தவள்.

ஜனவரி முதல் கிழமை ஞானேஸ்வரனின் தமக்கை பாலாம்பிகை வந்திருந்தபோது பின்வளவைக் கூட்டத் தொடங்கினாள்.

"நகுலா, உந்தக் குப்பையை ஏன் இன்னும் வைச்சிருக்கிறாய்? வான்காரப் பெடியன் கிறிஸ்துராஜா நாளைக்கு வருவான். ஏத்திவிடு."

"ஓம் மச்சாள்," என்றாள் நகுலேஸ்வரி.

மச்சாளின் பஸ் புறப்பட்டதும் அவள் சாக்கை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி உள்ளே கொண்டுபோனாள். சமையலறைக்குப் பக்கத்தில் வீட்டைச் சூடாக்கும் பொயிலர் இருக்கும் அலுமாரிதான் வீட்டிலேயே ஈரமில்லாத இடம். இஸ்திரிப் பலகைக்குப் பின்னால் சாக்கை நிறுத்திக் கதவைச் சாத்தினாள். அடுத்த நாள் கிறிஸ்துராஜா வந்து கேட்டபோது, கவுன்சில் லொறியில் போட்டாயிற்று என்று பொய் சொன்னாள்.

அந்த மாதம் முழுவதும் அவளுக்கு ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. கதிரையில் இருந்தால் யாரோ கூப்பிட்ட மாதிரி எழும்பினாள். மாடிக்கு ஏறி, என்னத்துக்கு ஏறினோம் என்று நின்று யோசித்து, வெறுங்கையோடு இறங்கினாள். ஒரு நாள் 109 பஸ்ஸில் ஏறி ஸ்ட்ரெதம் வரை போய், கடைகளைப் பார்த்தபடி நடந்து, ஒன்றும் வாங்காமல் எதிர்ப்பக்கத் தரிப்பில் ஏறித் திரும்பினாள். அடுத்த நாளும் போனாள். மூன்றாம் நாள் சாரதி தலையாட்டி வணக்கம் சொல்லவும் வெட்கப்பட்டு விட்டுவிட்டாள். பிறகு வீட்டைத் துடைக்கத் தொடங்கினாள். துடைத்ததையே துடைத்தாள்.

சமையலறை யன்னல் கண்ணாடியைத் துடைக்கும்போதுதான் முதலாவதைக் கண்டாள்.

ஓர் அரிசி மணியின் நீளம்கூடச் சரியாக இல்லை. தூசி என்று துணியைக் கொண்டுபோனாள். தூசி துள்ளி ஒரு சாண் தள்ளி இருந்தது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். செப்புக் குடத்தைப் புளி போட்டு விளக்கிய நிறம். அந்தச் செட்டைகளின் குறுக்கே வெள்ளிக் கோடுகள், ஒவ்வொரு கோட்டின் ஓரத்திலும் மை தீட்டியது போல மெல்லிய கறுப்பு. கால்களிலும் கறுப்பும் வெள்ளையுமாக வளையங்கள். முன்காலை ஊன்றித் தலையை நிமிர்த்திக்கொண்டு அது யன்னலுக்கு வெளியே நின்ற மரத்தைப் பார்த்தபடி இருந்தது. இவ்வளவு சின்னதுக்கு இவ்வளவு அலங்காரமா என்று நினைத்தாள். பிறகு அடித்தாள். விரலில் பொன்தூள் ஒட்டியது.

மறுநாள் ஏழு. அதற்கு மறுநாள் எண்ண முடியவில்லை. காலை வெயில் பட்டதும் கண்ணாடி முழுவதும் நடக்கத் தொடங்கின.

"அம்மா, இது அரிசியில வாற அந்துதான்," என்றாள் மகள் கோசிகா, வேலைக்குப் போகும் அவசரத்தில் ரொட்டியைக் கடித்துக்கொண்டு. "மாப் பேணியள் எல்லாத்தையும் செக் பண்ணுங்கோ. இல்லாட்டி எறியுங்கோ. கூகிள்ல அப்பிடித்தான் போட்டிருக்கு."

அந்து என்றால் அரிசியில் வரும். அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? நகுலேஸ்வரிக்கு அலைவதற்கு ஒரு காரணம் கிடைத்தது. அன்று முழுவதும் அலுமாரிகளைக் கவிழ்த்தாள். வறுத்த சிவப்பரிசி மா போனது. உழுந்து போனது. ஒடியல் மா போனது. இரண்டு மூட்டை அரிசி போனது. கடைசியில் ஒரு பெரிய போத்தல் மிளகாய்த்தூள் மிஞ்சியது. அக்டோபரில் ஞானேஸ்வரன் தன் கையால் வறுத்தது. வறுக்கும்போது புகைமணி அடித்து, அவர் ஒரு கையில் அகப்பையும் மறுகையில் துவாயுமாகக் கதிரையில் ஏறி நின்று அதை விசிறியதும், தெருவே தும்மியதும் போத்தலைத் தூக்கியபோது நினைவுக்கு வந்தன. அதையும் போட்டாள். பூச்சிக்குச் செத்தவர் கை, இருப்பவர் கை என்று தெரியுமா என்ன? செவ்வாய்க்கிழமை குப்பை லொறி வந்து எல்லாவற்றையும் கொண்டுபோனது.

அன்று மத்தியானமே கண்ணாடியில் முப்பது இருந்தன.

பாலாம்பிகை வந்து வெறும் அலுமாரிகளைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

"மிளகாய்த்தூளையும் எறிஞ்சனியே? என்ரை தம்பி வறுத்ததெல்லே! என்னட்டைத் தந்திருந்தால் நான் தின்னமாட்டனே?"

"பூச்சியோடயோ, மச்சாள்?"

"பூச்சி என்ன செய்யும்? பொரிஞ்சு போகும்." அவள் கண்ணாடிக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள். குரல் இறங்கியது. "நகுலா, உதுகளை அடிக்காதை. ஆர் கண்டது? வீட்டைச் சுத்திச் சுத்தி வருதுகள். அவன்ரை சீவனோ என்னவோ."

"உங்கட தம்பி இருநூறு பேராய்ப் பிரிஞ்சு வருவாரே, மச்சாள்? ஒராளாய் வீட்டில இருந்த நேரமே அவரைப் பிடிக்கிறது கஷ்டம்."

பாலாம்பிகைக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்து கடைசியில் அழுகையாக முடிந்தது. நகுலேஸ்வரி அழவில்லை. துணியை எடுத்துக்கொண்டு அடுத்த யன்னலுக்குப் போனாள்.

இரவுச் சாப்பாட்டின்போது கோசிகா சொன்னாள்: "வியாழக்கிழமை பூச்சி மருந்தடிக்கிற ஆளுக்கு புக் பண்ணியிருக்கிறன். பதினொரு மணிக்கு வருவார். நானும் லீவு. வீட்டில இருக்கிற எல்லா அலுமாரியையும் திறந்து விடோணுமாம்."

"எல்லாத்தையுமோ?"

"எல்லாத்தையும்தான். ஏனம்மா?"

"ஒண்டுமில்லை," என்றாள் நகுலேஸ்வரி. சாக்கை எங்கே மாற்றலாம் என்றுதான் அன்று இரவு முழுவதும் யோசித்தாள். பூச்சிக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. அது இலை, பூச்சி வருவது மாவில்.

*

புதன்கிழமை காலை வாசல் மணி அடித்தது. பத்ரிநாராயணன் இலைவாரியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முப்பத்தைந்து வயதிருக்கும். தஞ்சாவூர்ப் பக்கம். லண்டன் பிரிட்ஜில் ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை.

"அக்கா, மன்னிச்சுக்கோங்க. இது அண்ணாவோடது. அன்னிக்கு வாங்கினேன். மறுநாளே இப்படி ஆயிடுச்சு. இதைத் தூக்கிட்டு எப்படி வந்து நிக்கிறதுன்னே தெரியலை. ரெண்டு மாசமா எங்க வாசல்லயே இருக்கு. வீட்ல கிரிஜா தினமும் திட்டறா."

"அதுக்கென்ன தம்பி. உள்ளுக்கு வாங்கோ. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

அவர் சமையலறை மேசையடியில் இருந்தார். கோப்பையை வாங்கியவரின் கண் யன்னலுக்குப் போனது. எழுந்து கிட்டப் போனார்.

"அட! இது எப்படிக்கா இப்பவே வந்துச்சு? ஏப்ரல்லதானே வரணும்?"

"உங்களுக்கு இதைத் தெரியுமோ?"

"தெரியாம என்ன? அண்ணா கேட்டு ஆபீஸ்ல நான்தானே கலர் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். நாலு பக்கம். இந்தப் பூச்சி படம்தான் முதல் பக்கம். உங்க வீட்டு மரம் ரெண்டு வருஷமா ஆகஸ்ட்லயே பழுப்பா கருகிப்போகுதே, அது இதனாலதான்."

நகுலேஸ்வரி கதிரையொன்றை யன்னலடிக்கு இழுத்தாள்.

"வடிவாச் சொல்லுங்கோ, தம்பி."

அவர் கையைக் காட்டிக் காட்டிச் சொன்னார். பூச்சி இலையின் மேல் முட்டையிடும். புழு பொரித்ததும் இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே புகுந்துகொள்ளும். உள்ளேயே தின்று, உள்ளேயே வளரும். வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். ஒரு கோடையில் மூன்று தலைமுறை. கடைசித் தலைமுறை கூட்டுப்புழுவாகி, உதிர்ந்த இலைக்குள்ளேயே குளிர்காலம் முழுவதும் கிடக்கும். எந்தப் பனியும் அதை ஒன்றும் செய்யாது. வெயில் சூடு பட்டதும் எழும்பி மரத்துக்குப் போகும்.

"மாசிடோனியாவுல ஒரு ஏரிப் பக்கம்தான் முதல்ல கண்டுபிடிச்சாங்களாம். அப்புறம் ஆஸ்திரியா, ஜெர்மனின்னு வந்து, இங்க விம்பிள்டன்ல ரெண்டாயிரத்து ரெண்டுல. அண்ணா அதைப் படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிச்சார். 'பாரும் தம்பி, ஜேர்மனியில பியர் குடிக்கிற தோட்டத்து மரமெல்லாம் கருகிறதைப் பாத்திட்டு வந்தனான். எனக்குப் பின்னாலயே விசா இல்லாமல் வந்திட்டுது'ன்னார்."

பத்ரிநாராயணன் சொன்ன விதத்தில் ஞானேஸ்வரனுடைய குரல் ஒரு கணம் சமையலறைக்குள் வந்து போனது.

"அதுக்கு மருந்தொண்டும் இல்லையோ?"

"மரம் சாகாது, அக்கா. பழுப்பாகும், அவ்வளவுதான். செய்யறதுக்கு ஒண்ணே ஒண்ணுதான் போட்டிருந்துச்சு. உதிர்ந்த இலையை ஒண்ணு விடாம வாரி அப்புறப்படுத்தணும். அதான் அண்ணா அந்த வாரம் பூரா ஏழு சாக்கு..." அவர் நிறுத்தினார். "சாரி, அக்கா."

"பரவாயில்லை. குடியுங்கோ, ஆறுது."

அவர் போனதும் அவள் பொயிலர் அலுமாரியைத் திறந்தாள். இஸ்திரிப் பலகையை நகர்த்தினாள். சாக்கு செப்பு நிறமாக மினுங்கியது. அதன் பிளாஸ்டிக் இழைகளுக்கு நடுவால் வெளியே வந்தவை அதன் மேலேயே வரிசையாக இருந்தன. நீல முடிச்சின் மேலும் ஐந்தாறு இருந்தன.

ஒரு இலை விடேலாது.

அவர் கிடந்து மாய்ந்து ஒழிக்கப் பார்த்ததை அவள் அணைத்துத் தூக்கிவந்து சூட்டில் வைத்து அடைகாத்திருக்கிறாள். அதுகூடப் போகட்டும். மிளகாய்த்தூள் என்ன குற்றம் செய்தது? அவள் அலுமாரிக்கு முன்னால் நிலத்தில் இருந்தாள். எழும்பினாள். முன்னறைக்குப் போனாள். திரும்பி வந்தாள்.

ஒரு வழி இருந்தது. பூச்சிக்காரன் வரும் முன் சாக்கைத் திரும்பத் தாழ்வாரத்தில் வைத்துவிடலாம். யாரும் கேட்கப்போவதில்லை. முடிச்சு முடிச்சாகவே இருக்கும். ஏப்ரலில் மிச்சம் இருப்பவை எழும்பும். மரம் பத்தடி தூரத்தில். பத்ரி சொன்னாரே, மரம் சாகாது, பழுப்பாகும், அவ்வளவுதான் என்று. அவ்வளவுதானே?

பின்கதவைத் திறந்து வெளியே போய் நின்றாள். புல்லில் ஓர் இலைகூட இல்லை. சுற்றியிருந்த வளவுகளில் எல்லாம் மேப்பிள் இலைகளும் மற்றவையும் அழுகிக் கிடக்க, இங்கே மட்டும் மொட்டையாக வாரிய நிலம். மதிலோரத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், கை நுழையாத இடுக்கில்கூட ஒன்றும் இல்லை. அவர் அங்கே முழங்காலில் இருந்து விரலால் பொறுக்கியிருக்க வேண்டும். முழங்கால் நோவு உள்ள மனிதர்.

அவள் உள்ளே வந்து, சாக்கு போனாலும் கயிறாவது மிஞ்சட்டும் என்று முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். முதலில் விரலால். பிறகு முள்ளுக்கரண்டியால். பிறகு பல்லால். நான்கு நுனிகள் இருந்தன. ஒவ்வொன்றாக எல்லாப் பக்கமும் சரித்து இழுத்தாள். ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் இறுகியது. பின்னேரம் வரை, எழும்புவதும் இருப்பதுமாக, இழுத்தாள்.

*

வியாழக்கிழமை காலை கோசிகா கீழே இறங்கியபோது சாக்கு சமையலறை நடுவில் நின்றது. அதை இறக்கியிருந்த கறுப்புக் குப்பைப் பையின் வாய்க்குள்ளிருந்து முடிச்சு மட்டும் எட்டிப் பார்த்தது. தாய் பக்கத்தில் ஒரு கத்தரிக்கோலுடன் நின்றாள்.

"அம்மா? என்ன இது?"

"அப்பா வாரின இலை. நான்தான் ஒளிச்சு வைச்சனான். பூச்சி இதுக்குள்ளயிருந்துதான் வருது. அந்தாளை வரவேண்டாமெண்டு சொல்லு."

கோசிகா வாயைத் திறந்தாள். சாக்கைப் பார்த்தாள். முடிச்சைப் பார்த்தாள். பிறகு குனிந்து தானும் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"உது இல்லை," என்றாள் நகுலேஸ்வரி. "உதை நேற்று இழுத்துப் பாத்திட்டன்."

"இது?"

"உதும்தான்."

"ஓ மை கோட், அப்பா! ஆர் இலைக்கு இப்பிடிக் கட்டுறது? இதென்ன பாங்குக் காசோ?" அவள் காலைச் சாக்கில் உதைத்து இழுத்து, கை வழுக்கிப் பின்பக்கமாக விழுந்தாள். விழுந்த இடத்தில் இருந்து சிரிக்கத் தொடங்கினாள். நகுலேஸ்வரியும் சிரித்தாள். நவம்பருக்குப் பிறகு அந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்கவில்லை. அது எப்போது வேறு சத்தமாக மாறியது என்று இருவருக்கும் தெரியாது. மகள் நிலத்திலேயே இருந்து தாயின் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"நாலு மாசமா வைச்சிருக்கிறியள். நானெண்டாலும் எறிஞ்சிருக்கமாட்டன், அம்மா," என்றாள்.

"இரண்டரை மாசம்தான். எழும்பு. கழுத்தை இறுக்கிப் பிடி. ஒண்டும் வெளிய வரக்கூடாது."

கோசிகா முடிச்சுக்கு ஒரு சாண் கீழே இரண்டு கையாலும் சாக்கின் கழுத்தைத் திருகிப் பிடித்தாள். நகுலேஸ்வரி கத்தரிக்கோலை முடிச்சுக்கும் மகளுடைய கைக்கும் நடுவே வைத்தாள். பிளாஸ்டிக் சாக்கு இலகுவில் வெட்டுப்படவில்லை. நைந்து நைந்து, கடைசியில் முடிச்சு ஒரு கிழிந்த கழுத்துப்பட்டியோடு அவள் கையில் வந்தது. உடனே கறுப்புப் பையை மேலே இழுத்து, இன்னொரு பையும் போட்டு, சாதாரணமாக எவரும் போடும் இரண்டு முடிச்சுப் போட்டாள்.

கோசிகாவின் சின்னக் காரில் பின்சீற்றில் அதற்கு பெல்ட் போட்டுக் கொண்டுபோனார்கள். பெல்ட் போட்டவள் நகுலேஸ்வரி. குப்பைக் கிடங்கில் தோட்டக் கழிவுக் கொள்கலனுக்குப் படியேறிப் போய் அவளே போட்டாள். உள்ளே மலையாகக் குவிந்த இலைகளிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் சூடேற்றி உரமாக்குவார்கள், அந்தச் சூட்டில் எதுவும் தப்பாது என்று அங்கே நின்ற மனிதர் சொன்னார்.

திரும்பி வரும்போது முன்கண்ணாடியில் ஒன்று இருந்தது. கோசிகா துணியை எடுத்தாள்.

"விடு," என்றாள் தாய். "ஒண்டுதானே."

பிறகு யோசித்து, "இல்லை, அடி," என்றாள்.

அந்த வருடம் ஏப்ரலில் மரம் துளிர்த்தது. மே மாதத்தில் வெள்ளைப் பூக்கள் நிமிர்ந்து நின்றன. ஆகஸ்டில் இலைகளில் பழுப்புக் கோடுகள் வரத்தான் செய்தன. பக்கத்துத் தெருக்களிலும் அதே மரங்கள் நின்றன, அங்கே யாரும் இலை வாருவதில்லை. ஆனால் இவர்களுடைய மரத்தில் முந்திய வருடத்தைவிட இரண்டு கிழமை பிந்தி வந்தன. பத்ரிநாராயணன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து அதைச் சொன்னார். நவம்பரில் நகுலேஸ்வரி இலைவாரியை எடுத்தாள். எட்டுச் சாக்கு வந்தது.

முடிச்சு பின்கதவு ஆணியில் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லாரும் ஒரு தடவை இழுத்துப் பார்க்கிறார்கள். இன்னும் அவிழவில்லை.